ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில் ஒட்டிய பட்டியல்

ஜெராக்ஸ் கடைக்காரிக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது தெருவுக்கே தெரியும். ஆனால் தங்கை இரண்டாம் முறை வீடு மாறிய வாரத்திலிருந்து அந்தக் கோபம் இறங்கவே இல்லை.

தங்கை, அடித்து உதைத்த புருஷனை விட்டு வந்தவள். போன் நம்பரை மாற்றி, ஊரின் மறுகோடியில் அறை எடுத்துப் பத்து மாதம் நிம்மதியாக இருந்தாள். ஒரு காலையில் அவன் வாசலில் வந்து நின்றான். போன் கம்பெனி முகவரிகளை விற்கிறது, அவன் வாங்கியிருக்கிறான், சட்டத்தில் தடை இல்லை என்றார் புகார் எழுத உட்கார்ந்த போலீஸ்காரர்.

"தடை இல்லாம விட்டது எந்த மகராசன்?" என்று கேட்டாள் அக்காள். அவர் பேனாவை மூடிவைத்தார்.

அவளே தேடினாள். சட்டசபைப் பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்க்கத்தான் ஆள் இல்லை. கடை ஓய்ந்த மதியங்களில் உட்கார்ந்து நாலு ஓட்டெடுப்புகளைப் பிடித்தாள்: முகவரி விற்பதைத் தடுப்பது, ஆஸ்பத்திரிக் குறிப்புகளைக் காப்பது, நீதிபதி உத்தரவில்லாமல் போனைத் துருவக் கூடாது என்பது, தெருக் காமிராக்களுக்கு வரம்பு வைப்பது. மறுபடியும் தேர்தலில் நிற்கிற தொகுதி உறுப்பினர் நாலையும் எதிர்த்திருந்தார். அவரோடு மோதுகிறவர் பக்கத்துத் தொகுதியில் உறுப்பினராக இருந்தவர். இரண்டுக்கு ஆதரவு, ஒன்றுக்கு எதிர்ப்பு, ஒன்றுக்கு ஆளையே காணோம். "இவரு மட்டும் என்ன வாழுதாம்" என்று திட்டிக்கொண்டே அதையும் பட்டியலில் போட்டாள். நூற்றைம்பது பிரதி எடுத்து வீடு வீடாகக் கொடுத்தாள்.

மறுநாள் உறுப்பினர் ஓட்டுக் கேட்டுக் கடைக்கே வந்தார். அவள் தாளை நீட்டினாள்.

"நாலு தடவையும் வேண்டாம்னு கை தூக்கினது நீங்கதானே? என் தங்கச்சிக்கு என்ன பதில் சொல்றீங்க?"

அவர் படித்தார். தாளைத் திருப்பினார். சிரித்தார்.

"அது இருக்கட்டும்மா. இந்தப் பொண்ணு யாரு?"

பின்பக்கத்தில் கோணலாக விழுந்த அடையாள அட்டை நகல். அடுத்த தெருத் தையற்காரியின் முகம், பிறந்த தேதி, கதவு எண். சரியாக விழாத நகல்களைக் கிழிக்காமல் கீழ்த்தட்டில் சேர்த்து, மறுபக்கத்தை உதிரி வேலைக்கு எடுப்பது பன்னிரண்டு வருஷக் கடைப் பழக்கம். நூற்றைம்பது தாளும் அந்தத் தட்டிலிருந்துதான் வந்தவை; ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவருடைய விவரம். வெட்கத்தில் அவளுக்கு உடம்பே எரிந்தது.

மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கதவு கதவாகத் தட்டினாள். நூற்றுநாற்பத்தொரு தாள் திரும்பக் கிடைத்தது. தையற்காரி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "என் வாசல்ல யாராச்சும் வந்து நின்னா என்னக்கா பண்றது?"

நாலாம் நாள் புதுத் தாளில் பட்டியலை மறுபடி எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். இந்த முறை மூன்றாவது பெயராகத் தன்னையும் சேர்த்திருந்தாள்: 'இந்தக் கடைக்காரி: எதிர்ப்பு. ஒன்பது தாள் இன்னும் திரும்பவில்லை.'

மாலையில் உறுப்பினரின் ஆள் வந்தான். "தப்பை ஒத்துக்கிட்டீங்கல்ல? அப்போ அண்ணன் பேரை எடுத்திடுங்க."

"நான் கொடுத்ததை வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்கிட்டு வர்றேன்," என்றாள் அவள். "கம்பெனிக்காரன் வித்ததை உங்க அண்ணன் எந்த வீட்டுல போய் வாங்கப் போறாரு? கேட்டுட்டு வா. அதுவரைக்கும் இது இங்கேயேதான் இருக்கும்."