வாயை மூட முடியாத நாய்

தோளில் ஓர் ஐஸ் பெட்டி, கையில் செருப்பு. நயினாதீவு இறங்குதுறையில், அம்மனைக் கும்பிட வந்த கூட்டத்துக்கு நடுவே அப்படித்தான் அந்த இளம்பெண் படகிலிருந்து இறங்கினார். நான் காத்துநின்ற மிருக வைத்தியர் அவர்தான். “கோயில் படகில மீன் கொண்டு வாறன் எண்டு ஒரு அம்மா என்னோட சண்டை. ஊசி மருந்தைத் திறந்து காட்டின பிறகுதான் இருக்க விட்டவ” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

முதல்நாள் காலையிலிருந்து எங்கள் நாயால் வாயை மூட முடியவில்லை. தாடை தொங்க, எச்சில் கயிறுபோல வடிந்துகொண்டிருந்தது. நான் பார்ப்பதற்குள் மகள் அதன் வாய்க்குள் கைவிட்டுச் சோறூட்டப் பார்த்திருந்தாள். விரலில் பல் கீறியிருந்தது. சுற்றிவரக் கடல், நாய்க்கு வெறி பிடிக்கிற விசர் எங்கிருந்து வரப்போகிறது என்ற எங்கள் தீவு நினைப்பில் நாய்க்குத் தடுப்பூசியும் போடவில்லை. ஆஸ்பத்திரியில் காயத்தைக் கழுவி, பிள்ளைக்கு உடனே ஊசியைத் தொடங்கினார்கள். அப்படியும் அவள் தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு முறையும் நான் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அண்ணை வேலியால் எட்டிப் பார்த்தார். “தங்கச்சி, இது விசர்தான். யோசிக்காதையும், நான் அடிக்க ஒரு பொல்லோட வாறன்” என்றார். மகள் கதவை மறித்து நின்று அழுதாள். நான் தொலைபேசியோடு முற்றத்தில் நடந்தேன். ஒருவர் ஆடு மாடு மட்டும்தான் பார்ப்பாராம். பட்டணத்திலிருந்த இன்னொருவர் நாயைக் கொண்டுவரச் சொன்னார். இந்த நாயை எந்தப் படகில் ஏற்றுவது? வேலணைப் பக்கத்திலிருந்த இந்த டொக்டர் மட்டும், “கொண்டு வராதேங்கோ. ஒருத்தரும் தொடவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். நாளைக்குக் காலமை படகில நான் வாறன்” என்றார். அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டபிறகுதான் கதிரையில் உட்கார்ந்தேன்.

வந்தவர் தடித்த கையுறை போட்டு, நாய்க்கு மயக்க ஊசி ஏற்றி, டோர்ச் வெளிச்சத்தில் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு சின்னக் குறடு ஒன்றை உள்ளே விட்டுத் திருகினார். ‘டக்’ என்று ஒரு சத்தம். மேல்வாயில், இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே குறுக்காக இறுகிக் கிடந்தது ஒரு துண்டு ஒடியல். பனங்கிழங்கைக் கிழித்து நான் பாயில் காயப் போட்டிருந்ததிலிருந்து களவெடுத்திருக்கிறது.

“இஞ்ச வாரும் பிள்ளை” என்று தூர நின்ற மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். “உம்மட நாய்க்கு விசரில்லை. ஒடியல் ஆசை.”

பொல்லோடு வந்திருந்த அண்ணை அதை மெல்ல வேலியில் சாத்தினார். “நல்ல காலம், எனக்குக் கடைவாய்ப் பல் இல்லை” என்றார். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கியது அழுகையில் போய் முடிந்தது.

என்றாலும் நாயைக் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும், பிள்ளையின் ஊசியை ஆஸ்பத்திரியில் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். அவர் கேட்ட கட்டணம் பெரிதல்ல. போக்குவரத்துச் செலவுதான் அதைவிடக் கூடுதல். “நாய் வளக்கிற ஆக்கள் சோத்துக் கணக்கை மட்டும் பாக்கினம். உங்களுக்கு நடுவில கடலும் இருக்கெல்லோ, அதையும் சேருங்கோ” என்றார். இப்போது சம்பளம் வந்ததும், மகளின் டியூஷன் காசோடு நாய்க்கும் கொஞ்சம் எடுத்துவைக்கிறேன். தடுப்பூசி, மருந்து, ஓட்டோ, படகு எல்லாம் அதற்குள் அடக்கம். நோய் வருத்தம் வந்தபிறகு டொக்டரைத் தேடி அலைவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை அவரே வந்து ஊசி போடுகிறார்.

நாய் இப்போது கொழுத்துவிட்டது. பயந்த மனம்தான் இன்னும் முழுதாக ஆறவில்லை. அது கொட்டாவி விடும்போதெல்லாம் நான் குனிந்து வாய்க்குள் பார்க்கிறேன். நேற்றும் பார்த்தேன். மகள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: “விடுங்கோ அம்மா. அதுக்கு நித்திரை வருது.”