வேலாயுதம் எழுதிய சொல்

மொழிபெயர்ப்பாளர் வேலாயுதம் காலமான செய்தி, போன வியாழக்கிழமை ஓரத்தில் கறுப்பு மை தடவிய கார்டாக அரிமளம் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. இழவுக் கார்டைப் படித்தவுடன் கிழித்துப் போடுவது ஊர் வழக்கம். நான் கிழிக்கவில்லை. புதுக்கோட்டை கல்வி ஆபீசில் அவரோடு வேலை பார்த்த நீங்கள் இந்த இரங்கல் கூட்டத்தில் அவருடைய கையெழுத்தையும் மூக்குப்பொடியையும் பற்றிப் பேசுவீர்கள். எனக்குச் சொல்ல ஒரு சொல்தான் இருக்கிறது.

பத்து வருஷத்துக்கு முன், நான் அரிமளத்தில் ஆசிரியையாகச் சேர்ந்த மூன்றாம் மாதம், தெருக்காரர்கள் என் மேல் மனுப் போட்டார்கள். தாலியறுத்தவள் காலையில் எதிரே வருவதை அறவே வெறுக்கிறோம், வேறு ஊருக்கு மாற்றுங்கள் என்று. வேறு ஊரிலும் காலை விடியத்தானே செய்யும்? அங்கும் இதே மனு வரும். கடைசியில் எனக்கு அண்ணன் வீட்டு அடுப்படிதான்.

புதுக்கோட்டை ஆபீசுக்கு விசாரணைக்குப் போனேன். மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மனுவை இங்கிலீஷில் எழுதித் தருவது வேலாயுதத்தின் வேலை. வெறுப்புக்கு என்ன எழுதினீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

“அபாமினேட்.”

நான் அறிந்தவரை அது மகா கொடிய வெறுப்பு. ஆத்திரம் வந்தது. “‘ஹேட்’ போதாதா? அவங்களைவிட நீங்க கூடுதலா வெறுக்கிறீங்களே.”

அவர் பொடியை உறிஞ்சிவிட்டு நிதானமாகச் சொன்னார். “‘ஹேட்’னு போட்டா நீங்க என்ன தப்புப் பண்ணுனீங்கன்னு தேடுவாங்க, வாத்தியாரம்மா. இது லத்தீன்லேருந்து வந்தது. உள்ளுக்குள்ள ‘ஓமன்’ இருக்கு, சகுனம். கெட்ட சகுனம்னு மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போறதுதான் மூல அர்த்தம். இதுல ஒங்க தப்பு எதுவுமில்லை. பார்த்தவன் பயம்தான் இருக்கு.” பொடி மட்டையை மடித்துக்கொண்டே, “நானும் சகுனம் பார்க்கிறவன்தாங்க. அதான் இந்த வார்த்தை நெஞ்சுல நின்னுச்சு” என்றார்.

அந்த மூல அர்த்தத்தை மொழிபெயர்ப்பின் ஓரத்தில் இங்கிலீஷில் குறித்தும் வைத்திருந்தார். அதிகாரி படித்துவிட்டு மனுக்காரர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார். வேலாயுதம் அதைத் தமிழில் சொன்னார். “சகுனம் இருக்கட்டும். வாத்தியாரம்மா செஞ்ச தப்பு என்ன?”

முன்னால் நின்றவர் தலையைச் சொறிந்தார். “தப்புன்னு ஒண்ணுமில்லைங்க. எதுக்க வாராக. அம்புட்டுத்தான்.”

மனு தள்ளுபடியானது.

மனுப் போட்ட நாளிலிருந்து நான் கொல்லைச் சந்து வழியாகத்தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். தீர்ப்பான மறுநாள் பெரிய தெரு வழியாகப் போனேன். இரண்டு மூன்று பேர் முகத்தைத் திருப்பினார்கள். பாவம், பயந்தவர்கள் என்று நினைத்தேன். இன்றும் சிலர் திரும்புகிறார்கள், நானும் அப்படியேதான் நினைக்கிறேன். வேலாயுதத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: அந்தத் தெருவில் நான் தலை குனிந்து நடப்பதில்லை.