ஏகாம்பரம் வாய்விட்டுப் படித்த செய்தி

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மேல் வீட்டுக் கஸ்தூரி படியிறங்கி வந்து என் கதவைத் தட்டினாள். பட்டுப்புடவை. தலை நிறையப் பூ. நெற்றியில் வியர்வை.

"யக்கா, கொஞ்சம் மேல வாயேன். மாப்ள ஊட்ல வீடியோ கால்ல வராங்கோ. நீ பத்ரிகைல எழுதுற ஆளு, நாலு வார்த்த நல்லா பேசுவ. எனுக்கு வாயே வர்ல."

வீடியோ காலுக்கு எதற்குப் பட்டுப்புடவை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நானும் உள்ளே போய் ஒரு நல்ல புடவைக்கு மாறிக்கொண்டுதான் மேலே போனேன். காமிரா எங்கெங்கே திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

கஸ்தூரி குடும்பத்தார் அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவள் கணவர் ஏகாம்பரம், தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தவர். இரும்புத் தகட்டை மெஷின் அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வேலை வாங்கியவர். ரிட்டையர் ஆன பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. அவர் பால்கனியில் நின்று போன் பேசினால் ஒரு மாடி கீழே எனக்கு முழு விவரமும் தெரிந்துவிடும்.

முந்தின வருஷ மழைக்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை திரும்பி வந்துவிட்டது. கால் பாதி வந்தது. பேச்சு மட்டும் தவணை முறையில் வந்துகொண்டிருக்கிறது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் ஒரு யோசனை சொன்னாள்: "கண்ல படுற எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிங்க சார். வெக்கப்படாதீங்க."

மனிதர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். தெருவில் பஸ் போனால், "பூந்... தமல்லி." மளிகைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தால், "முழு... உளுந்து... ஒரு... கிலோ." லிஃப்ட்டில் ஏறினால், "ஆறு... பேர்... மட்டும்." படித்து முடித்ததும் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பார், மார்க் போடுங்கள் என்பது போல.

"சூப்பர் நைனா!" என்பாள் அவருடைய ஒரே மகள் நித்யா.

கொஞ்ச நாளில் எங்கள் குடியிருப்பில் எல்லோருமே 'சூப்பர்' சொல்லப் பழகிவிட்டோம். வாட்ச்மேன் உட்பட.

நித்யாவுக்குத்தான் இந்த வரன். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். "எழுதுங்க ஆன்ட்டி, பேர மட்டும் மாத்திடுங்க" என்று அவளே சொன்னாள்.) அவளுக்கு இங்கேயே பக்கத்தில் ஒரு ஐ.டி. ஆபீசில் வேலை. பையன் பிரபுவுக்குப் புனேயில் வேலை. அவன் அப்பா, அம்மா கரூரில். இங்கே வெள்ளானூர் பக்கம் ஒரு ஃப்ளாட் வாங்கிப் போட்டிருக்கிறான், கல்யாணத்துக்குப் பிறகு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவதாகப் பேச்சு. ஒரு முறை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பக்கமும் பிடித்திருந்தது. நிச்சயதார்த்தத் தேதியை முடிவு செய்ய வேண்டியதுதான் பாக்கி. அதற்குத்தான் இந்த வீடியோ கால்.

நித்யா தன் போனை டி.வி.யோடு இணைத்திருந்தாள். பெரிய திரை. ஒரு கட்டத்தில் புனேயிலிருந்து பிரபு. இன்னொரு கட்டத்தில் கரூர் சோபாவில் அவன் அப்பாவும் அம்மாவும். கல்யாணமான அக்கா ஒருத்தி அவர்கள் பக்கத்தில் எங்கேயோ உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. கஸ்தூரி காபி கொண்டு வந்ததைப் பார்த்து அவள் குரல் மட்டும் வந்தது.

"அத்தை, காபி உங்களுக்கு மட்டுந்தானுங்களா? எங்களுக்கெல்லாம் கெடையாதுங்களா?"

எல்லோரும் சிரித்தோம். நல்ல கலகலப்பான பெண் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

ஏகாம்பரம் காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வணக்கத்தைச் சொன்னார். "எல்...லாருக்கும்... வணக்கம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். பெண்ணைப் பெற்றவர் அல்லவா? ஒரு வார்த்தை சொல்ல ஆசை.

"எம்... பொண்ணு... ரொம்ப..."

அடுத்த சொல் வரவில்லை. தேடினார். கழுத்து நரம்பு புடைத்தது. கரூர் அப்பா பொறுமையாகக் காத்திருந்தார். கஸ்தூரி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"...நல்ல... பொண்ணு."

"தெரியுமுங்க, தெரியுமுங்க" என்றார் கரூர் அப்பா. நல்ல மனிதர். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிரபு பேச்சை மாற்றினான். "இருங்க, ஸ்கிரீன் ஷேர் பண்றேன். வெள்ளானூர் ஃப்ளாட் போட்டோ காட்டறேன்."

இப்போது எல்லா ஆப்பிலும் இந்த வசதி வந்துவிட்டது. ஒரு பட்டனைத் தொட்டால், நம் போனில் நாம் பார்ப்பதை எல்லோரும் பார்க்கலாம். நமக்கு என்ன வருகிறதோ அது எல்லோருக்கும் வரும். எல்லாமே வரும்...

ஹால் வந்தது. பால்கனி வந்தது. சமையலறை வந்தது.

"சிங்க் பெர்சா கீது" என்றாள் கஸ்தூரி திருப்தியாக.

அப்போது திரையின் உச்சியில் ஒரு பட்டை இறங்கியது. ஏதோ சாப்பாட்டு ஆப்பின் விளம்பரம். ஏகாம்பரத்தின் கண் உடனே அங்கே போனது.

"பசிக்...குதா? பிரி...யாணி... ரெடி!"

ஒரே சிரிப்பு. "ஆமாங்க மாமா, நான் இன்னும் டிபனே சாப்பிடலை" என்றான் பிரபு. "சூப்பர் நைனா" என்றாள் நித்யா. கரூர் அப்பா கை தட்டினார். ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நாற்காலியை டி.வி.க்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொன்னார். இழுத்துப் போட்டதும் நான்தான்.

பிரபு, கல்யாணத்துக்குப் பார்த்து வைத்திருந்த மண்டபத்தின் படங்களுக்கு வந்தான். இரண்டாவது படம் ஓடிக்கொண்டிருந்தபோது மேலே இன்னொரு பட்டை இறங்கியது.

'அக்கா' என்று பெயர். கீழே தமிழில் ஒரு வரி.

"அந்தப்... பெரியவர்... பேசறதப்... பாத்தியா..."

ஏகாம்பரம் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். எழுத்துதான் அவருக்குத் தெரிந்தது, அர்த்தம் இன்னும் வந்து சேரவில்லை. பிரபு பதறிப்போய் அந்தப் பட்டையைத் தள்ளிவிடப் பார்த்திருக்க வேண்டும். பதற்றத்தில் விரல் அதன் மேலேயே பட்டுவிட்டது. அக்காவோடு அவன் பேசும் சாட் முழுதாகத் திறந்துகொண்டது. எங்கள் முன்னால், அவ்வளவு பெரிய டி.வி.யில்.

'அந்தப் பெரியவர் பேசறதப் பாத்தியா? ஒரே பொண்ணு வேற. நாளைக்கு அவர் படுத்துட்டா உன் தலைலதான் விடியும். தேதி குடுத்துடாத. இழுத்தடி.'

நித்யா அப்பாவின் கை மேல் கை வைத்தாள், நிறுத்தச் சொல்லித்தான். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"ஒரே... பொண்ணு... வேற... நாளைக்கு... அவர்... படுத்துட்டா..."

அங்கே குரல் நின்றது. உதடு நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் கடைசி எழுத்து வரைக்கும் அசைந்துகொண்டே போனது.

அந்தச் செய்திக்கு மேலே இன்னொன்று இருந்தது. அதற்கும் முன்னால் அக்கா அனுப்பியது. 'பொண்ணு ஓகே. அந்த அப்பாவ நெனச்சாதான் யோசனையா இருக்கு.' அதன் கீழே பிரபு பதிலாகப் போட்டிருந்த ஒரு கட்டைவிரல். மஞ்சள் நிறத்தில், நிமிர்ந்து...

அதை ஏகாம்பரம் படிக்கவில்லை. அதில் எழுத்து இல்லையே. நித்யா படித்துவிட்டாள்.

திரை பட்டென்று அணைந்தது. மறுபடி கட்டங்கள் வந்தன. கரூர் அம்மா சோபாவின் ஓரத்தைப் பார்த்தார், அக்கா உட்கார்ந்திருந்த பக்கம். பிறகு, "சிக்னல் சரியில்லீங்க போலருக்கு... அப்புறமாக் கூப்பிடறமுங்க" என்றார். கரூர் போனது. புனேயும் போனது.

நாலு வார்த்தை நல்லதாகப் பேசத்தானே என்னைக் கூப்பிட்டார்கள்? என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

கஸ்தூரி சமையலறைக்குள் போய்விட்டாள். காபி டம்ளர்களைக் கழுவும் சத்தம் மட்டும் வந்துகொண்டேயிருந்தது. ஏகாம்பரம் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமா... நான்... தப்பா... பட்ச்சிட்டனா?"

"இல்ல நைனா" என்றாள் நித்யா. "கரெக்ட்டா படிச்ச. ஒரு எழுத்து வுடல."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. எழுந்து டி.வி.யை அணைத்தாள்.

மறுநாள் அவர்கள் வீட்டில் சண்டை. நான் போனபோது கஸ்தூரிதான் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவுங்க அக்கா ஏதோ சொன்னா. அவனா சொன்னான்? எந்த ஊட்லடி இதெல்லாம் பேசாம கீறாங்கோ? போன வாட்டி அவங்கோ வந்துட்டுப் போனப்ப, அந்தம்மா பல்லப் பத்தி நாம பேசல? சிரிச்சோமா இல்லியா? நம்ம பேச்சு டி.வி.ல வர்ல, அவ்ளோதான். வுட்டுத் தள்ளுடி. உனுக்கு இன்னா வயசாவுதுன்னு பாரு."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே? நம்மில் யார் வீட்டுக் குடும்ப குரூப்பைத் திறந்து பெரிய திரையில் போட முடியும், சொல்லுங்கள்?

ஏகாம்பரம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தெருவில் பஸ் ஒன்று போனது. போர்டு நன்றாகத்தான் தெரிந்தது. அவர் எதுவும் படிக்கவில்லை.

வாரத்தின் நடுவில் ஒரு சாயங்காலம், ஆபீஸ் முடிந்து வந்த நித்யாவை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். சேர்ந்து நடந்தோம். அவளாகவே ஆரம்பித்தாள்.

"பிரபு போன் பண்ணார் ஆன்ட்டி. ரொம்ப ஸாரி சொன்னார். அக்கா பண்ணது தப்புதான், அவங்க ஏதோ பயத்துல சொல்லிட்டாங்கன்னார். உங்களுக்குப் பயம் இல்லியான்னு கேட்டேன். கட் ஆயிடுச்சோன்னு நெனச்சேன். அப்புறமா, எனக்கும் பயம்தான்னு சொன்னார்."

"நீ என்னம்மா சொன்னே?"

"எனக்குந்தான் பயம்னேன். நைனா மறுபடி படுத்துட்டா என்ன பண்றதுன்னு நான் நெனைக்காத நாளே இல்ல ஆன்ட்டி. அவர் பயப்படறது தப்பில்ல. அத என்கிட்ட கேட்ருக்கலாம். உங்கப்பாவ எப்படிப் பாத்துக்கப் போறோம்னு ஒரு வார்த்த. ரெண்டு பேரும் சேந்து பயந்திருப்போம். அக்காவுக்கு ஒரு விரலக் காட்டிட்டு, எங்ககிட்ட வந்து மண்டபம் போட்டோ காட்டினார் பாருங்க... அதுதான் ஆன்ட்டி முடியல."

"வேண்டாம்னு சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். அவரும் ஏன்னு கேக்கல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. கேட்பான் என்று அவள் எதிர்பார்த்திருப்பாள் போல. ரயில்வே கேட் வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

அதற்கு அடுத்த நாள் லிஃப்ட்டில் ஏகாம்பரத்தைச் சந்தித்தேன். கையில் தடி. பார்வை தரையில். 'ஆறு பேர் மட்டும்' அவர் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது.

"படிக்கிறது எப்படிப் போகுது?" என்றேன், வேறு எதுவும் தோன்றாமல்.

கதவு திறந்து நான் வெளியே வரும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அட்த்த தபா... யார்னா... பொண்ணு பாக்க... வந்தா... நான் உங்க ஊட்ல... வந்து... குந்திக்கிறேம்மா. பேசி... முடிக்கிற... வரிக்கும்."

லிஃப்ட் கதவு மூடப் பார்த்தது. கையால் தடுத்தேன்.

"அதெல்லாம் வேணாங்க. நீங்க பெத்தவரு. அங்கதான் இருக்கணும்" என்றேன்.

தலையாட்டினார். அதில் சம்மதம் எதுவும் இல்லை. மனிதர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தார். என்னிடம் இடம் மட்டும்தான் கேட்டார்.

விஷயம் எங்கள் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. பரவாமல் இருக்குமா? எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். சாஃப்ட்வேரில் இருக்கும் எதிர் ஃப்ளாட் தம்பி இன்று காலை என்னை நிறுத்தி, போனை வாங்கி, எங்கே தொட வேண்டும் என்று செய்தே காட்டினான்.

"ஸ்கிரீன் ஷேர் பண்றதுக்கு முன்னாடி நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணிடணும் ஆன்ட்டி. அந்தப் பையன் அத மட்டும் பண்ணிருந்தா ஒரு பிரச்சனையும் வந்திருக்காது. இந்நேரம் நிச்சயதார்த்தத் தேதி முடிவாயிருக்கும்."

அவன் சொன்னது சரிதான். தேதி குறித்திருப்பார்கள். கஸ்தூரி எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்திருப்பாள். நித்யா வெள்ளானூர் ஃப்ளாட்டுக்குக் குடி போயிருப்பாள், அந்தப் பெரிய சிங்க்கில் பாத்திரம் கழுவியிருப்பாள். ஏகாம்பரம் வாரா வாரம் போய் உட்கார்ந்து பேரீச்சம்பழ டப்பாவை வாய்விட்டுப் படித்திருப்பார். மருமகன் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பான்...

நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டால் செய்தி திரையில் தெரியாது. வராமல் இருக்காது.