நுமாத்தாவைத் தோற்கடிக்க ஒரு வண்டி

இசோபே யசுதோ ஒரு மனிதரைத் தோற்கடிப்பதற்காகவே ஒரு வண்டி செய்தார். ஆள் ஏறி உட்காருகிற வண்டி இல்லை. ஒரு முழ நீளமே இருக்கும் ரிமோட் கார். மண்ணிலும் மேட்டிலும் துள்ளி ஓடுகிற பந்தய வண்டி. ஜப்பானின் ஹமமாட்சு நகரத்தில் எண்பதுகளில் வயது வந்த ஆண்களே அதற்காகச் சாப்பாட்டை மறந்தார்கள். இசோபே தூக்கத்தை மறந்தது வேறு காரணத்துக்காக.

கிரிஹாரா என்ற மாடல் கம்பெனியின் வரைபட அறையில் அவருக்குப் பதினாறு வருஷ வேலை. அப்போதெல்லாம் வண்டிகளைப் பின்சக்கரங்கள்தான் தள்ளும். மணலில் விட்டால் பின்சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டி உட்கார்ந்துகொள்ளும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியை இசோபே ஒன்றரை வருஷம் உட்கார்ந்து வரைந்தார். பின்னால் இருக்கிற மோட்டாரின் வலுவை ஒரே நீளப் பல் பெல்ட் முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும். அவ்வளவுதான் விஷயம், ஆனால் அது வரைக்கும் யாருக்கும் அது சரியாக அமையவில்லை.

முதலாளி முன்னால் அந்த வரைபடத்தை விரித்த அன்று, அதன் மூலையில் வரைந்தவர் என்று நுமாத்தாவின் முத்திரை இருந்தது. நுமாத்தா வடிவமைப்புப் பிரிவின் தலைவர். இசோபே எழுந்து, "ஐயா, அது நான் வரைஞ்சது" என்றார்.

நுமாத்தா சிரித்தார். "இவன் பென்சில் பிடிச்சான், உண்மைதான். நான் சொல்லச் சொல்லக் கோடு போட்டான். கோடு போட்டவனெல்லாம் சொந்தம் கொண்டாடினா, நாளைக்கு ஜெராக்ஸ் மெஷினும் வந்து கேக்கும்."

அறையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். "போய் எல்லாருக்கும் டீ கொண்டா, இசோபே" என்றார் நுமாத்தா.

இசோபே போய்க் கொண்டுவந்தார். பதினோரு கோப்பை. வரைபடம் பறிபோனதைவிட, தன் கையாலேயே அந்தத் தட்டைத் தூக்கி வந்ததுதான் அவரை அறுத்தது. அடுத்த மாதம் வேலையை விட்டார்.

"இந்த வீட்ல தினமும் அந்த ஆளு பேரைத் தொட்டுக்கிட்டுத்தான் நீங்க சாப்பிடறீங்க" என்றாள் மனைவி ஹருயே. "அவருக்கும் ஒரு தட்டு வெச்சிடட்டுமா?"

"வை" என்றார் இசோபே. "அவன் தோத்த அன்னிக்கு எடுத்துடலாம்."

ஊரின் தென்பக்கம் உகாய் ஃபுசாயே என்ற விதவை பற்சக்கரம் வெட்டும் பட்டறை வைத்திருந்தார். ஐம்பத்து மூன்று வயது. எண்ணெய்க் கறை போகாத விரல்கள். கணவர் இறந்த வாரம் ஃபுசாயே கிரிஹாராவுக்கு அனுப்பிய பற்சக்கரங்களை, 'பொம்பளை வெட்டியது, நம்ப முடியாது' என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பியனுப்பியவர் இதே நுமாத்தா. இசோபே பட்டறைக்கு வந்து யாரைத் தோற்கடிக்க வேண்டும் என்று சொன்னதும், ஃபுசாயே ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினார்.

"எந்த மெஷின் வேணும், தம்பி? மூணும் எடுத்துக்கோ."

முதல் வண்டி நாலு மாதத்தில் ஆயிற்று. அலுமினியத் தகட்டில் அடிப்பலகை, ஃபுசாயே வெட்டிய பற்சக்கரங்கள், நடுவில் பெல்ட். கடலோரத்து நகதாஜிமா மணல்மேட்டுக்கு எடுத்துப்போய் ஓட்டினார்கள். நேராக அம்பு மாதிரி போயிற்று. திருப்பினால் திரும்ப மறுத்தது. வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் உருள வேண்டும். பின்சக்கரங்களோடு ஒரே பெல்ட்டில் கட்டிப்போட்டால் எப்படி உருளும்? வண்டி மண்ணை உழுதுகொண்டு கடலைப் பார்க்கப் போயிற்று.

ஆறு வாரம் இசோபே அதோடு மல்லுக்கட்டினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு சைக்கிளில் இறக்கத்தில் வரும்போது கால் தானாக நின்றது. மிதிக்கட்டை நின்றுவிட்டது, சக்கரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிரேக் பிடித்து நடுரோட்டிலேயே இறங்கிவிட்டார்.

"அக்கா, முன்சக்கரத்துக்கு சைக்கிள் மாதிரி செய்யணும். பெல்ட் இழுத்தா அது சுத்தணும். அது வேகமா போனா பெல்ட் அதைப் பிடிக்கக் கூடாது."

"விரல் நகம் அளவுக்கு அப்படி ஒண்ணு எங்க கிடைக்கும்?" என்றவர், பழைய ஜெராக்ஸ் இயந்திரம் ஒன்றைப் பிரித்து, காகிதத்தை உள்ளே இழுக்கும் உருளையிலிருந்து ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் குட்டி பேரிங்கை எடுத்தார். அதை மாட்டியதும் வண்டி வளைவில் பூனை மாதிரி திரும்பியது.

அதே மணலில்தான் இன்னொன்றும் தெரிந்தது. வேகத்தில் சட்டென்று பிரேக் பிடித்தால் பெல்ட்டின் கீழ்ப்பக்கம் தளர்ந்து, பற்சக்கரத்தின் மேல் வழுக்கிப் பல் தாண்டியது. பெல்ட்டை இறுக்கும் சிறு உருளையை மேல்பக்கம் மட்டும் வைத்தது வரைபடத்திலேயே இருந்த தவறு. கீழேயும் ஒன்று வேண்டும். இசோபே அதைச் சரிசெய்தார். பிறகு மணலில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார்.

"என்ன தம்பி, பயமா இருக்கு."

"அவன் திருடினது பழைய வரைபடம் அக்கா. இந்தத் தப்பையும் சேத்துத் திருடியிருக்கான்."

ஓட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. இசோபே ரிமோட்டைக் கையில் எடுத்தாலே நுமாத்தாவின் முகம் நினைவுக்கு வந்து விரல் நடுங்கும். முப்பது வருஷமாக முடியளவும் பிசகாமல் இரும்பு வெட்டிய ஃபுசாயேயின் விரல் நடுங்கவே நடுங்காது. அவரே ஓட்டினார்.

எண்பத்தைந்தாம் வருஷம் நவம்பரில், தென்ரியு ஆற்றங்கரையில், கம்பெனிகள் எல்லாம் தங்கள் புது வண்டிகளை இறக்கிய பந்தயம். வறண்ட காற்று புழுதியை அள்ளி முகத்தில் அடித்தது. நுமாத்தா அந்த வரைபடத்தை வைத்துச் செய்த மூன்று சிவப்பு வண்டிகளோடும், கிரிஹாரா முதலாளியோடும் வந்திருந்தார்.

"இசோபேதானே? அடேடே! சமையக்காரம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டியா?"

"ஆமா சார்" என்றார் ஃபுசாயே. "இன்னிக்கு உங்களைத்தான் வறுக்கப் போறோம்."

தகுதிச் சுற்றுகளில் சிவப்பு வண்டிகள் இரண்டு நின்றுபோயின. இரண்டும் ஒரே மேட்டுக்கு முன்னால், பிரேக் பிடித்த இடத்தில், கரகரவென்று பல் தாண்டின. மூன்றாவது மட்டும் தப்பிப் பிழைத்து இறுதிச் சுற்றுக்கு வந்தது. அதன் பெல்ட்டும் தேய்ந்து முனகிக்கொண்டிருந்தது.

இறுதிச் சுற்றுக்கு நாற்பது நிமிஷம் இருக்கும்போது நுமாத்தா இசோபேயின் மேஜைக்கு வந்தார். முகத்தில் புழுதி, குரல் தாழ்ந்திருந்தது.

"இசோபே. அந்த பெல்ட்... உன் வண்டியில தாண்டலையே."

"தாண்டாது."

"என்ன செஞ்ச?"

"என்னை ஏன் கேக்கறீங்க சார்? நீங்கதானே வரைஞ்சது?"

நுமாத்தா திரும்பிப் பார்த்தார். முதலாளி சற்றுத் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சுற்றியிருந்த மேஜைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"விடு இசோபே, பழசை..."

"யாரு வரைஞ்சது சார்?"

"நீதான்."

"காத்து அடிக்குது. எனக்குக் கேக்கல."

நுமாத்தா கத்தினார். "நீதான் வரைஞ்ச! அந்த வரைபடம் உன்னது!" அது ஆற்றுக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். முதலாளி தலையைத் தூக்கினார்.

இசோபே தன் பெட்டியைத் திறந்து ஒரு சிறு உருளையும், அதைப் பிடிக்கும் தகடும், புது பெல்ட்டும் எடுத்தார்.

"தம்பி, பைத்தியமா உனக்கு?" ஃபுசாயே அவர் கையைப் பிடித்தார். "அப்படியே விடு. பாதியில தானா சாகும்."

"அதுதான் வேண்டாம் அக்கா. பெல்ட் போச்சு, அதனால தோத்தோம்னு ஆயுசுக்கும் சொல்லிட்டுத் திரிவான். அவன் வண்டி முழுசா ஓடணும். ஓடியே தோக்கணும்."

தன் கையாலேயே நுமாத்தாவின் வண்டியில் உருளையை மாட்டி, பெல்ட்டை மாற்றி, திருகை முடுக்கிக் கொடுத்தார். நுமாத்தா அதை வாங்கிக்கொண்டு நன்றி சொல்ல வாயெடுத்தார். இசோபே முதுகைத் திருப்பிக்கொண்டார்.

ஐந்து நிமிஷப் பந்தயம். சிவப்பு வண்டிக்கு வலுவான மோட்டார். நேர்ப் பாதையில் அது முந்தியது. வளைவு வந்தால் மண்ணை உழுதுகொண்டு அகலமாகப் போகும். ஃபுசாயே உள்பக்கமாகக் குறுக்கே திரும்பி முன்னால் வருவார். நாலாவது நிமிஷத்தில் இசோபே வண்டியில் இடது முன்சக்கரத்தைத் தாங்கும் முன்கை ஒரு கல்லில் மோதி விரிசல் விட்டது. சக்கரம் சாய்ந்து ஆடியது.

"இடது பக்கம் வலிக்குது அதுக்கு" என்றார் ஃபுசாயே, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்புறம் பாரம் இடது பக்கம் சாயும் வலது வளைவுகளை மட்டும் மெதுவாக எடுத்தார். இடது வளைவுகளில் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை.

கடைசிச் சுற்றை இசோபே பார்க்கவே இல்லை. அவர் நுமாத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் முதலில் தாடை இறுகியது, பிறகு உதடு பிரிந்தது, பிறகு கண் தரைக்குப் போயிற்று. கூட்டம் கத்துவதற்கு முன்பே, ஜெயித்தது யார் என்று இசோபேக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வண்டி நீளம் என்று பிறகு சொன்னார்கள்.

நுமாத்தா வந்து இடுப்பு வளையக் குனிந்தார். இசோபே சாய்ந்துபோன சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போதும், தம்பி" என்றார் ஃபுசாயே மெதுவாக. "மனுஷன் குனிஞ்சு நிக்கறான்."

"நிக்கட்டும் அக்கா. எனக்கு இன்னும் போதல."

இரண்டு வாரம் கழித்துக் கிரிஹாரா முதலாளி கூப்பிட்டனுப்பினார். நுமாத்தாவைப் பெட்டி அச்சடிக்கும் பிரிவுக்கு மாற்றியாயிற்று. அவர் நாற்காலி இசோபேக்கு என்றார். இசோபே அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக எதிர்க் கட்டடத்தில், அட்டைக்கட்டு சுமந்துகொண்டு நுமாத்தா படியேறுவது தெரிந்தது. இசோபே அவர் மேல்மாடி போய்ச் சேரும்வரை அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு இது வேண்டாம் ஐயா. உக்காந்து பாக்கணும்னு இருந்துச்சு, பாத்துட்டேன்."

இசோபே மூன்று மாடியும் இறங்கி, காற்றுக்கு எதிராக சைக்கிளை மிதித்துப் பட்டறைக்குப் போனார். ஃபுசாயே அதற்குள் விரிசல் விட்ட முன்கையை மேஜைமேல் வைத்து, எங்கே தடிமன் போதவில்லை என்று அளந்துகொண்டிருந்தார்.