பதினோரு நாள் கணக்கு

எங்கள் கடைச் சுவரில் இப்போது இரண்டு காலண்டர்கள் தொங்குகின்றன. ஒன்று பள்ளிவாசலில் கொடுத்தது. இன்னொன்று இந்த வருஷம் சீனாவிலிருந்து வந்தது. அது வந்த கதையைச் சொல்வதென்றால் நான் முட்டாளான கதையையும் சொல்லியாக வேண்டும். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

வண்ணாரப்பேட்டையில் எங்களுக்கு ஃபேன்சி கடை. ஹேர் கிளிப், தோடு, ரப்பர் பேண்டு. சரக்கெடுக்கச் சீனா போகிறவன் முதலில் பார்க்க வேண்டியது டிக்கெட்டை இல்லை, அவர்களுடைய பண்டிகைகளை. ஏப்ரலில் கல்லறையைச் சுத்தம் செய்ய ஊருக்குப் போய்விடுவார்கள். மே மாதத் தொடக்கத்தில் லீவு. பிறகு படகுப் பந்தயப் பண்டிகை. அக்டோபர் முதல் வாரம் பாதி தேசம் ரயிலில் உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றுக்கும் பெரியது புத்தாண்டு. அதற்கு முன்னும் பின்னுமாக ஒரு மாதம் சந்தையில் ஈ காக்காய் இருக்காது. நான் ஏழு தடவை போய் வந்திருக்கிறேன், ஒரு பண்டிகைகூடக் கண்ணில் படாமல். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தேதிகளை யானைக்கவுனியில் இருக்கும் ஏஜெண்ட்தான் சொல்வார். போன வருஷம் அவரோடு வாய்த்தகராறு. இனி உம்மிடம் கேட்டால் என்னை ஏனென்று கேள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

என் மனைவி சீனாவுக்குப் போனதே இல்லை. ஆனால் எந்த டிசைன் ஓடும் என்று தேர்ந்தெடுப்பது அவள்தான். எங்களுக்குக் கிளிப் கொடுக்கும் சீனத்து அம்மாளோடு எட்டு வருஷமாக வீடியோவில் பேசுகிறாள். இவள் தமிழில் பேசுவாள், போன் அதைச் சீனத்தில் சொல்லும். அந்தம்மாள் பேசுவதைச் செய்தி வாசிக்கும் தமிழில் திருப்பிச் சொல்லும். கிளிப்பில் ஆரம்பித்த பேச்சு, மாமியார் தொல்லை, பிள்ளைகள் படிப்பு, முட்டிவலி என்று எங்கெங்கோ போய்விட்டது. ஒரு நாள் பேசாவிட்டால் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

போன டிசம்பரில் அந்தம்மாள் சொன்னாள்: "புத்தாண்டு முடிந்து வந்து, பதினைந்து நாளில் கடையை வேறு ஒருவரிடம் ஒப்படைக்கிறேன். பிறகு சொந்த ஊரோடு போய்விடுவேன். அதற்குள் ஒரு முறை உன்னை நேரில் பார்க்க வேண்டும்."

மனைவி என்னைப் பார்த்தாள். எட்டு வருஷமாக அடுத்த தடவை, அடுத்த தடவை என்று சொல்லி வந்தவன் நான். இந்த முறை உடனே சரி என்றேன்.

தேதியை நானே கணக்குப் போட்டேன். நம் நோன்பு வருஷத்துக்குப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அவர்களுக்கும் பிறைக் கணக்குதானே? இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் புத்தாண்டு பிப்ரவரி பத்து, போன வருஷம் ஜனவரி இருபத்தொன்பது. அப்படியென்றால் இந்த வருஷம் ஜனவரி பதினெட்டு வாக்கில். பிப்ரவரி ஏழாம் தேதி போய் இறங்கினால் சந்தை திறந்திருக்கும், அந்தம்மாளும் இருப்பாள், நோன்புக்கு முன் திரும்பிவிடலாம். போனில் ஒரு தடவை பார்த்திருக்கலாம். பிறைக் கணக்கை எனக்குப் போன் சொல்லித்தர வேண்டுமா என்ற திமிர். டிக்கெட் போட்டேன், விசா வாங்கினேன்.

மனைவி ராயபுரம் முழுக்கத் தேடி இரண்டு ஸ்வெட்டர் வாங்கினாள். தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லி வைத்தாள். கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஆசை தாங்காமல் அந்தம்மாளிடம் தேதியைச் சொன்னாள்.

பதில் வரக் கொஞ்ச நேரமானது. முதலில் ஒரு காலண்டர் படம் வந்தது. பிப்ரவரி பதினேழு சிவப்பாக இருந்தது. அதன் பின்னால் போன் பேசியது: "எட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு நாங்கள் ஊருக்குப் புறப்படுகிறோம். சந்தை மூடப்படும்."

அவர்கள் சில வருஷங்களில் ஒரு மாதத்தையே கூடுதலாகச் செருகிக்கொள்வார்களாம், பண்டிகை பருவம் மாறாமல் இருக்க. இது எனக்கு யார் சொன்னார்கள்? போனைத் திட்டினேன், காலண்டரைத் திட்டினேன், யானைக்கவுனிக்காரரையும் விட்டுவைக்கவில்லை. மனைவி மூடிய பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். அந்தம்மாள் திரும்பி வரும்போது இங்கே நோன்பு வியாபாரம், கடையை விட்டு நகர முடியாது. பெருநாள் முடிவதற்குள் அவள் கடையை ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவாள்.

"உங்க கணக்க நம்பினேன் பாருங்க," என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அரை மணி நேரம் கழித்து போன் மறுபடி பேசியது. "எங்கள் வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது. பண்டிகைக்கு எங்கள் ஊருக்கு வாருங்கள்."

"சரக்கு எடுக்காம சீனா போறவன் எவனாவது கீறானா?" என்று கேட்டேன்.

"ஊருக்குன்னா பண்டிகைக்குத்தாங்க போவாங்க. நீங்கதான் பண்டிகை இல்லாதப்ப போய்க்கினு கீறீங்க," என்றாள். பெட்டியிலிருந்து எழுந்து அதைத் திறந்து, குழம்புத்தூள் டப்பாவை உள்ளே வைத்தாள்.

வழியில் கோலாலம்பூரில் விமானம் பிடிவாதமாகக் கிளம்ப மறுத்தது. ஏழாம் தேதி மாலை இறங்க வேண்டியவர்கள் எட்டாம் தேதி விடியும்போது இறங்கினோம். போனில் சிக்னல் இல்லை. சாலையில் எல்லோரும் எதிர்த்திசையில், ஊருக்குப் போகிறவர்கள். எங்கள் பஸ் கிட்டத்தட்டக் காலி. மனைவி மணியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

சந்தை வாசலுக்கு வந்தபோது மணி ஒன்பதரை. ஷட்டர்கள் எல்லாம் மூடி, சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வாசலில் ஒரே ஒரு வேன், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் தொப்பியும் மப்ளருமாக ஒரு அம்மாள், குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு.

என் மனைவி பெட்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போனை யாரும் எடுக்கவில்லை.

"இன்னாமே, இவ்ளோ குள்ளமா கீற?" என்றாள் என் மனைவி. எட்டு வருஷமும் உட்கார்ந்த முகத்தைத்தான் பார்த்திருக்கிறாள். அந்தம்மாளும் தன் மொழியில் ஏதோ சொல்லி, இவள் தலைக்கு மேலே கை வைத்து அளந்து காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், அப்புறம் அழுதார்கள்.

ஆறு மணி நேரம் வேனில் போனோம். வீட்டில் பதினான்கு பேர், எல்லோருக்கும் எங்களைத் தெரிந்திருந்தது. அந்தம்மாள் நேராக அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஒரு புதுச் சட்டியைக் காட்டினாள். ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை. பன்றி சமைத்த பாத்திரத்தில் நாங்கள் சாப்பிடுவதில்லை என்று எப்போதோ ஒரு தடவை மனைவி சொல்லியிருந்தாளாம். போன் சொன்னது: "இது உங்களுடையது. நான்கு வருடங்களாக வைத்திருக்கிறேன்."

நான்கு வருஷமாக இந்த வீட்டில் எங்களுக்கு ஒரு சட்டி காத்திருந்திருக்கிறது. நானோ ஒவ்வொரு தடவையும் இவர்கள் இந்த ஊர் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்துப் பார்த்துச் சந்தைக்குப் போய் வந்திருக்கிறேன்.

அந்தச் சட்டியில் மனைவி மீன் குழம்பு வைத்தாள். புத்தாண்டுக்கு முந்தின நாள் மாலை பதினாறு பேர் ஒரே மேஜையில் உட்கார்ந்தோம். காரத்தில் அந்தம்மாளின் வீட்டுக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் மறுபடி வாங்கினார். வெளியே ஊரே பட்டாசு. நோன்புப் பிறை பார்த்த அன்று சரியாக ராயபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்தோம்.

கிளம்பும்போது அந்தம்மாள் கொடுத்ததுதான் சுவரில் தொங்கும் இரண்டாவது காலண்டர். கடைசிப் பக்கத்தில் அடுத்த வருஷப் புத்தாண்டைச் சுற்றி என் மனைவி பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். பிப்ரவரி ஆறு. நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இந்த வருஷத்துக்கு அது சரியாகப் பதினோரு நாள் முன்னால்.

"பாத்தியா, என் கணக்கு," என்று ஆரம்பித்தேன்.

"நீங்க வாயத் தொறக்காதீங்க," என்றாள் மனைவி. "அந்தச் சட்டி அங்கதான் கீது. டிக்கெட் நான் போடுறேன்."