தட்டிக்கு வெளியே நின்ற ஊர்

அந்த வருடம் கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு மைதான வாசலில் டிக்கெட் கிடையாது, முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும் என்பது சங்கரன்கோவிலுக்குள் குடியிருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி கட்டித் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஊர் எல்லை வந்ததும் ரிக்‌ஷா திரும்பிவிட்டது. இறுதி ஆட்டத்தில் உள்ளூர் அணியோடு மோத இருந்தது குருவிகுளம் அணி. குருவிகுளம் வரைக்கும் ரிக்‌ஷா போகவில்லை.

எழுபதுகளின் பிற்பாதி அது. நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன்.

விதி போட்டதற்குக் காரணம் இருந்தது. அரை இறுதியன்று வாசலில் டிக்கெட் வாங்க முண்டியடித்த கூட்டத்தில் தென்னந்தட்டி வேலி ஒரு பக்கம் அப்படியே சாய்ந்துவிட்டது. யாருக்கும் பெரிய அடியில்லை. கூட்டம் கலைந்த பிறகு செருப்புகள்தான் நிறையக் கிடந்தன. போட்டிக் குழு கூடிப் பேசி, இனி வாசலில் விற்பனை கிடையாது என்று முடிவு செய்தது. டிக்கெட்டை ஒரு மருந்துக் கடையிலும் ஒரு சைக்கிள் கடையிலும் ஒரு ஜவுளிக் கடையிலும் வைத்தார்கள். மூன்றும் ரத வீதிக் கடைகள். ஒரே நாளில் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டன. வேலியை இரட்டைத் தட்டியாக உயர்த்திக் கட்டினார்கள். அதை ஒட்டி நின்ற வேப்பமரங்களின் கிளைகளையும் வெட்டிவிட்டார்கள். மின்கம்பியில் உரசுகிறது என்று சொன்னார்கள். குழுவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. டிக்கெட் வாங்க ஒரு நாள், ஆட்டம் பார்க்க ஒரு நாள் என்று இரண்டு தடவை பஸ் ஏறி வர வேண்டியவனும் இருப்பான் என்பது அவர்கள் நினைப்பில் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அம்மாவுக்குப் பிறந்த ஊர் குருவிகுளம். அம்மாவின் அண்ணன் எனக்குப் பெரிய மாமா, தம்பி சின்ன மாமா. குருவிகுளம் அணியின் கோல் கீப்பர் சின்ன மாமா.

பெரிய மாமாவுக்கு விளையாட்டு என்றாலே ஆகாது. வானம் பார்த்த பூமியில் கம்பும் பருத்தியும் போடுகிறவர். அப்பா அம்மா இல்லாத வீட்டில் தம்பியையும் தங்கையையும் வளர்த்தவர். தம்பி பந்தாடப் போகும்போதெல்லாம், "பந்தை எட்டி மிதிச்சா கம்பு மொளைக்குமாலே?" என்று கேட்பார். அரை இறுதியைப் பார்க்க ஒரு மில் அதிகாரி வந்துபோன பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. அந்த மில்லுக்குச் சொந்தமாகக் கால்பந்து அணி இருந்தது. நல்ல கீப்பர் கிடைத்தால் வேலை கொடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். சின்ன மாமாவின் ஆட்டம் அதிகாரிக்குப் பிடித்திருந்தது. இறுதி ஆட்டத்தையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார். மழை இரண்டு வருடமாகக் கண்ணில் படவில்லை. மில் வேலை என்றால் மாதச் சம்பளம்.

அப்பா இரண்டு டிக்கெட் வாங்கி வந்தார். அம்மா வரமாட்டேன் என்றாள். தம்பி விழுந்து புரளுவதைப் பார்க்கத் தெம்பில்லை என்றாள். அதனால் இரண்டாவது டிக்கெட் எனக்குக் கிடைத்தது. கூடவே அம்மா ஒரு வேலையும் கொடுத்தாள். "ஏட்டி, அந்த மில் ஆபீசரு மாமாவுக்குக் கை தட்டுதாரா இல்லியான்னு மட்டும் பாத்துக்கிட்டே இரு. வந்து எங்கிட்ட சொல்லணும்."

நாங்கள் போனபோது மைதானத்துக்கு எதிரே ஒரு டிராக்டர் டிரெய்லரோடு நின்றது. அதில் வந்திறங்கிய குருவிகுளத்து ஆட்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் வெளுத்த வேட்டியும் தோளில் துண்டுமாகப் பெரிய மாமா. கால்பந்து பார்க்க அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வாசலில் சட்டையில் ரிப்பன் குத்திய குழு ஆள் ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி, வாசல்ல டிக்கெட் இல்ல. அட்வான்ஸ் மட்டுந்தான்."

"நாலரைக்குல்லா ஆட்டம்? நாங்க மூணரைக்கே வந்தாச்சு. இது அட்வான்ஸ் இல்லாம என்ன வே?" என்றார் மாமா. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ரிப்பன்காரரும் சிரித்துவிட்டார்.

"முந்தாநாளே வித்துத் தீந்துட்டு அண்ணாச்சி. எங்கிட்ட இருந்தா தரமாட்டனா?"

"முந்தாநா நாங்க கெணத்துல தூரு வாரிக்கிட்டுல்லா கெடந்தோம். எங்களுக்கு ஆரு வந்து சொன்னா?"

"ரிக்‌ஷா வெச்சுச் சொன்னோமே."

"ரிக்‌ஷா எங்க ஊரு ரோட்டுல வந்தா ரெண்டாப் போயிரும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு. ஆனால் யாரையும் உள்ளே விடவில்லை.

அப்பா முன்னால் போய்த் தன் டிக்கெட்டை நீட்டினார். "மச்சான், நீங்க பிள்ளையக் கூட்டிக்கிட்டு உள்ள போங்க. நான் இங்கன நிக்கேன்."

மாமா டிக்கெட்டைத் தொடவில்லை. "இத்தனை பேரையும் வண்டியில ஏத்திக் கூட்டியாந்தது நான். இவங்கள வெளிய விட்டுட்டு நான் மட்டும் உள்ள போயி உக்காந்தா நல்லாவா இருக்கு மாப்ளே? நீங்க போங்க. நாங்க சத்தத்த வெச்சே தெரிஞ்சுக்கிடுவோம்."

அப்பா இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே சவுக்குக் கம்பு நட்டுப் பலகை போட்ட காலரி. ஓர் இடம்கூடக் காலியில்லை. அத்தனை பேரும் உள்ளூர்க்காரர்கள். மில் அதிகாரி முன்வரிசை நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பந்தைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தேன். விருந்தினர் பெயர்களை எல்லாம் சொல்லி முடித்ததும், நடுவரின் விசில் கேட்க வேண்டும் என்பதற்காக ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள்.

உள்ளூர் அணி முதலில் ஒரு கோல் போட்டது. காலரி எழுந்து நின்று கத்தியதில் பலகை ஆடியது. அதிகாரி கை தட்டினார். அது மாமாவுக்கு இல்லை என்பதால் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இடைவேளைக்குச் சற்று முன்னால் குருவிகுளம் பதில் கோல் போட்டது. போட்டவனும் அவனுடைய கூட்டாளிகளும் கத்தியதைத் தவிர மைதானத்தில் சத்தமே இல்லை. நம் ஊர் கால்பந்தில் அப்படி ஒரு அமைதி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் அது நீடித்திருக்கும். பிறகு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய கூச்சல் எழுந்தது. கொட்டுச் சத்தம் கேட்டது. தட்டிக்கு மேலே துண்டுகள் எழும்பி எழும்பி விழுந்தன.

காலரி முழுவதும் வேலியைத் திரும்பிப் பார்த்தது.

"மரத்தத்தான் வெட்டியாச்சே, எவம்லே பாத்துச் சொல்லுதான்?" என்றார் எனக்குப் பின்னால் இருந்தவர்.

"ஒருத்தனும் பாக்கல வே. நாம வாயத் தொறந்தா அவன் மூடுதான். நாம மூடுனா அவன் தொறக்கான்" என்றார் பக்கத்திலிருந்தவர்.

அப்பா சிரித்தார். மாமாவின் துண்டு எது என்று எனக்குக் காட்டப் பார்த்தார். எல்லாத் துண்டும் ஒன்றுபோல் இருந்தன.

இடைவேளைக்குப் பிறகு சின்ன மாமா ஒரு நல்ல பந்தை மேலே பாய்ந்து தட்டிவிட்டார். அதிகாரி பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து ஏதோ சொல்லிவிட்டுக் கை தட்டினார். அம்மாவிடம் சொல்ல எனக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

அடுத்து நடந்ததை நான் தெளிவாகப் பார்த்தேன். உள்ளூர் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர் பந்தோடு தனியாக வந்தார். சின்ன மாமா கோலை விட்டு ஓடி வந்து அவர் காலடியில் விழுந்து பந்தைப் பிடித்தார். ஓடி வந்த வேகத்தில் ஆட்டக்காரரால் காலை நிறுத்த முடியவில்லை. அது மாமாவின் முன்கையில் இறங்கியது. வேண்டுமென்று செய்ததல்ல. காலரி வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. மாமா பந்தை நெஞ்சோடு அணைத்தபடி சுருண்டு கிடந்தார். நடுவர் விசிலை ஊதிவிட்டு ஓடினார். மிதித்தவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அத்தனை உள்ளூர்க்காரர்களும் வாயடைத்துப்போய் எழுந்து நின்றார்கள்.

வேலிக்கு வெளியே ஆரவாரம் கிளம்பியது.

முன்னதைவிட அது பெரிதாக இருந்தது. கொட்டு நிற்கவே இல்லை. துண்டுகள் மேலே வந்துகொண்டே இருந்தன. யாரோ நீளமாகச் சீட்டியடித்தார்கள். உள்ளே ஒருவரும் அசையவில்லை. நடுவர் குனிந்த நிலையிலேயே தலையைத் திருப்பி வேலியைப் பார்த்தார். அப்பா என் தோளைப் பிடித்திருந்த பிடி வலித்தது. கடைசியில் எங்களுக்குப் பின்னால் இருந்தவர் பலகைகளைத் தாண்டி இறங்கி ஓடி, தட்டியைக் கையால் அறைந்துகொண்டு கத்தினார்: "ஏ நிறுத்துங்கய்யா! கோலு இல்லய்யா! உங்க கீப்பரு கையொடிஞ்சு கெடக்கான்!"

கொட்டு ஒரேயடியாக நிற்கவில்லை. வேலியின் இந்தக் கோடியில் நின்று, அந்தக் கோடி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

மாமாவின் கைக்குள்ளிருந்து பந்தை எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அவரை ஒரு பெஞ்சில் படுக்கவைத்து வாசல் வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்களும் பின்னால் ஓடினோம். வெளியே குருவிகுளத்து ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். பெரிய மாமா கையில் துண்டோடு நின்றார். பெஞ்சு தன்னைக் கடந்து போகும்வரை நின்ற இடத்திலேயே நின்றார். அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார், உள்ளே வரவில்லை. ஆட்டத்தில் உள்ளூர் ஜெயித்தது.

சின்ன மாமா கட்டுப் போட்ட கையோடு எங்கள் வீட்டில் தங்கினார். அதிகாரி கை தட்டியதை நான் அம்மாவிடம் சொன்னேன். மில்லில் அந்த வேலை உள்ளூர் அணியின் கீப்பருக்குப் போயிற்று. அவரும் நல்ல கீப்பர்தான்.

அந்தச் செய்தி வந்த பிறகுதான் பெரிய மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார், தம்பியை ஊருக்கு அழைத்துப்போக. அம்மா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், தம்பியின் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"ஏலே" என்றார். "நீ விழுந்து கெடந்தப்ப... நாங்க போட்ட சத்தம் ஒனக்குக் கேட்டுச்சா?"

சின்ன மாமா உடனே சொன்னார்: "கேட்டுச்சுண்ணே. நம்ம பயலுவ கோல் போட்டுட்டானுவன்னுலா நெனச்சேன். அந்தச் சந்தோசத்துல வலியே தெரியல."

"நெசமாவா?"

"நெசமாத்தான் சொல்லுதேன். காப்பிய குடிண்ணே, ஆறிருச்சு பாரு."

பெரிய மாமா குடித்தார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆட்டம் நின்றிருந்தது. பந்து சின்ன மாமாவின் கைக்குள்ளேதான் இருந்தது, அதை நான் பார்த்திருந்தேன். அவருக்குத் தெரியாமல் யார் எங்கே கோல் போட்டிருக்க முடியும்? அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா என் கையில் ஒரு தூக்குவாளியைத் திணித்து, பால் வாங்கிவரச் சொன்னாள். காலையில் வாங்கிய பால் அடுப்படியில் அப்படியே இருந்தது.

தெருவில் நடந்து போகும்போது யோசித்துப் பார்த்தேன். மாமாவுக்குத் தலையிலும் அடிபட்டிருக்க வேண்டும், அதனால்தான் ஞாபகம் குழம்பிப் பேசுகிறார் என்று முடிவுக்கு வந்தேன். கையை மட்டும் பார்த்துக் கட்டுப் போட்டுவிட்டு, டாக்டர் தலையைக் கவனிக்காமல் விட்டுவிட்டாரே என்று எனக்குக் கவலையாக இருந்தது.