ரேணுகாம்பாளின் நகராத கிரிவலம்

“கொத்தமல்லி இன்னைக்கும் வாடிப்போயிருந்திச்சுன்னா, நாளையிலருந்து உன் வண்டி என் வாசல்ல நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்” என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே மிதிக்கிறார் ரேணுகாம்பாள். சைக்கிள் ஓடுகிறது, ஆனால் நகரவில்லை. நின்ற இடத்திலேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் அது. கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்குகிறது. பைக்குள் ஸ்பீக்கர் போட்ட செல்போன். கீரைக்காரர் மறுமுனையில் சொல்லும் சமாதானம் செங்கம் சாலை முழுக்கக் கேட்கிறது.

ரமணாசிரமத்துப் பக்கம் மெஸ் வைத்திருக்கிறார். நான் அங்கே காலை இட்லிக்கு வாடிக்கை. முன்பெல்லாம் அவரேதான் பரிமாறுவார். சாம்பார் கேட்டது நானாக இருக்கும், சாம்பார் போய் விழுவது பக்கத்து இலையில். பக்கத்து இலைக்காரர் வெளிநாட்டுக்காரராக இருந்தால் அதையும் ஒரு சம்பிரதாயம் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுவார். இப்போது கரண்டி சமையற்காரர் அருணாதேவியின் கைக்கு மாறிவிட்டது. இலைகள் நிம்மதியாக இருக்கின்றன.

ரேணுகாம்பாளுக்கு நடை தள்ளாடும், நாக்கும் லேசாகக் குழறும். சிறுமூளை மெல்ல மெல்லத் தளர்ந்துபோகிற பரம்பரை வியாதி. அப்பாவிடமிருந்து வந்தது. அந்த மனிதர் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனாலும் சொந்த ஊரான கீழ்பென்னாத்தூரில் கடைசிவரை அவருக்குக் குடிகாரர் என்றுதான் பெயர். மகளுக்கும் அந்தச் சோதனை வந்தது. ஒரு பௌர்ணமியன்று அவருடைய மொபெட் ஆடி ஆடி வருவதைப் பார்த்த கான்ஸ்டபிள் கருவியை நீட்டி ஊதச் சொன்னார். ஊதினார். கருவி ஒன்றும் காட்டவில்லை. “இன்னா சார், எங்க மெஸ் சாம்பார் வாசனகூடவா வரல?” என்று இவர்தான் வருத்தப்பட்டாராம். மொபெட்டை அன்றோடு விட்டுவிட்டார்.

இந்த நோயைத் தீர்க்க மருந்து இல்லை, விடாமல் பயிற்சி செய்தால் கால்கள் சீக்கிரம் ஓயாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலூரில் நரம்பு டாக்டர் சொல்லியிருக்கிறார். மூச்சு வாங்க வேண்டும், அதே சமயம் பேசவும் முடிய வேண்டும், அதுதான் சரியான வேகம் என்றும் சொல்லியிருக்கிறார். இது வேகத்துக்குச் சொன்ன அடையாளம். ரேணுகாம்பாள் இதை மருந்துச்சீட்டாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். மிதிக்கிற நேரமெல்லாம் பேசியே தீருவார். ஆள் இல்லாவிட்டால் யாருக்காவது போன் போடுவார். “டாக்டர் பேசச் சொல்லியிருக்காருப்பா, நீ சும்மா ஊம் கொட்டு, போதும்.” இவர் இரைக்கிற இரைப்பைக் கேட்டுப் பயந்துபோன பால்காரர் ஒருநாள் ஆட்டோவோடு வந்து இறங்கினார். வந்தவருக்குப் பாலில் தண்ணீர் ஜாஸ்தி என்று திட்டு கிடைத்தது.

சைக்கிள், ஊருக்குத் திரும்பிய ஒரு ஜெர்மன்காரர் விட்டுப்போனது. அதை மெஸ் வாசல் சுவரோரம் மேற்கே பார்த்துப் போட்டிருக்கிறார், மலை வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காக. மிதிப்பதென்று ஆகிவிட்டது, அதைக் கிரிவலமாகவே மிதித்துவிட்டால் என்ன என்பது அவர் கட்சி. கிரிவலத்துக்குச் செருப்பு ஆகாதென்று வெறுங்காலோடுதான் மிதிப்பார். ஷூ போடச் சொன்ன பிசியோதெரபி பெண் தோற்றுப்போய்ச் சாக்ஸுக்கு இறங்கிவந்தாள். கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களும் எங்கெங்கே வரும் என்பதை மனக்கணக்காக வைத்துக்கொண்டு தலையை மட்டும் குனிவார். கையெடுத்தால் விழுந்துவிடுவார். குபேர லிங்கத்தருகே வேகத்தைக் குறைப்பார், அங்கே கூட்டம் ஜாஸ்தியாம்.

வண்டியில் சுற்றினால் புண்ணியம் சேராது என்று எதிர்வீட்டுத் தனம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “நகராததுக்குப் பேரு வண்டியா? அப்போ அம்மிக்கும் ஆர்.சி. புக்கு கேப்ப போல” என்று பதில் வந்தது.

ஒருநாள் தரையைக் கழுவிய அருணாதேவி சைக்கிளைக் கிழக்கே பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டார். பால்காரரிடம் பேசுகிற மும்முரத்தில் ரேணுகாம்பாள் கவனிக்கவில்லை. கிரிவலம் முடிந்து கும்பிடத் திரும்பினால், மலை இடப்பக்கம் நிற்கிறது. முழுச் சுற்றும் அப்பிரதட்சணம். பதறிப்போனவர் இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்து பின்பக்கமாக மிதிக்க ஆரம்பித்தார். “வந்த வழியே திரும்பிப் போயிட்டா கணக்கு சரியாப் பூடும்.” சைக்கிள் ஆடாமலிருக்க அருணாதேவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அடுப்பில் இட்லி ஒரு பக்கம் குழைந்தது. அன்று நான் பிரெட்தான் சாப்பிட்டேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

காலைப் பேச்சில் கடைசி அழைப்பு மட்டும் என்றைக்கும் மாறாது. கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடுகிற தம்பி சக்திவேலுக்குத்தான் அது. அப்பாவிடமிருந்து இந்த வியாதி பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. சக்திவேல் ரத்தப் பரிசோதனைக்கு வர மறுக்கிறார், சைக்கிளைத் தொடக்கூட மறுக்கிறார். ஸ்பீக்கரில் அவர் பதில் எங்களுக்கு மனப்பாடம்: “எனக்கு ஒண்ணும் இல்லக்கா. அப்பா கத வேற.”

“ரத்தம் குடுக்காத, போ. வந்து மிதி. வியாதி இருந்தா காலு தாங்கும், இல்லாட்டி தொப்ப கொறையும். இன்னா நஷ்டம் உனக்கு?”

போனை வைத்த பிறகு ஒருமுறை என்னிடம் சொன்னார்: “எனக்கு வந்தது வந்துடுச்சுங்க. நான் லேட்டாத்தான் ஆரம்பிச்சேன். அவன் காலு போனப்புறம் வந்து நிக்கக் கூடாது. அதான் பயம்.”

போன வாரம் சக்திவேல் வேர்க்கடலை மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். வேட்டியில் முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. அக்கா மிதித்தபடியே போனில் கேஸ் கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மூட்டையை இறக்கிவைத்த தம்பி உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

“வரப்புல நடக்க வரலக்கா” என்றார். “நேராத்தான் கால வைக்கிறேன். வயல்ல போய் வுழறேன். இன்னைக்கும் வுழுந்துட்டேன்.”

ரேணுகாம்பாள் பைக்குள் கையை விட்டுப் போனை அணைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளிலிருந்து இறங்கினார். தம்பி அவரைவிட ஒரு சாண் உயரம். தம்பியைச் சைக்கிளோரம் இழுத்து நிறுத்தி, இடுப்பில் கை வைத்து அளவு பார்த்தார். பிறகு குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்த திருகைத் தளர்த்தி, சீட்டை அந்த உயரத்துக்கு ஏற்றினார்.